ஒரே சம்பளம், வேறு வேறு வர்க்கம்

ஒரே அலுவலகத்தில், ஒரே பதவியில் இருவர் வேலைக்குச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் இருவருக்கும் 100 பங்கு. எந்த நாட்டுப் பணமாக எடுத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. முதலாமவர் வாடகைக்கு 35 கொடுக்கிறார். படிப்புக்காக வாங்கிய கடனுக்கு 10. உழைத்து ஓய்ந்துபோன பெற்றோருக்கு 10. சாப்பாடு, போக்குவரத்து, துணிமணி எல்லாம் சேர்த்து 40. கடைசியில் 5 மிஞ்சுகிறது. இரண்டாமவர் பெற்றோர் வாங்கிக் கொடுத்த வீட்டில் இருக்கிறார். படிப்புச் செலவை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மகனின் சம்பளத்தை நம்பி அவர்கள் இல்லை. அதே 40 போக இன்னும் 20-ஐத் தாராளமாகச் செலவழித்தாலும் அவருக்கு 40 மிஞ்சும். பத்து ஆண்டு கழித்து, வட்டி எதுவும் சேர்க்காமலே பார்த்தால், முதலாமவரிடம் ஆறு மாதச் சம்பளம் சேர்ந்திருக்கும். இரண்டாமவரிடம் நான்கு ஆண்டுச் சம்பளம்.

சம்பளப் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு இவர்கள் இருவரும் சமம். இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவர் சில மாதங்களுக்குள் கிடைத்த வேலையில் சேர்ந்தாக வேண்டும். மற்றவர் நல்ல வேலை வரும்வரை ஓராண்டு காத்திருக்கலாம், மேற்படிப்புக்குப் போகலாம், சொந்தமாகத் தொழில் தொடங்கிப் பார்க்கலாம். சமூகவியலில் வர்க்கம் என்று பேசுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத்தான்.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. வருமானம் என்பது ஒரு மாதத்திலோ ஆண்டிலோ கைக்கு வருவது: சம்பளம், கூலி, வாடகை, வட்டி, லாபம். செல்வம் என்பது இன்றைய தேதியில் ஒருவரிடம் உள்ள வீடு, நிலம், சேமிப்பு, பங்குகள் எல்லாவற்றின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்தால் வருவது. நல்ல வருமானமும் பூஜ்யச் செல்வமும் உள்ளவர்கள் ஏராளம். மாதச் சம்பளமே இல்லாமல் பெரும் செல்வத்தோடு இருப்பவர்களும் உண்டு. செய்திகளில் ஏற்றத்தாழ்வு பற்றிய புள்ளிவிவரம் வரும்போது அது இரண்டில் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பல வாக்குவாதங்கள் இதைக் கவனிக்காததால்தான் நீள்கின்றன.

வர்க்கத்தை எதை வைத்துப் பிரிப்பது?

கார்ல் மார்க்ஸ் சொன்ன பிரிவு மிக எளிமையானது. ஆலை, நிலம், இயந்திரம் போன்ற உற்பத்திச் சாதனங்களை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். உழைப்பை விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் மறுபக்கம். பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். இன்றைக்கும் இது பழசாகிவிடவில்லை. ஆனால் நடுவில் பெரிய கூட்டம் ஒன்று முளைத்துவிட்டது. நிறுவனத்தின் மேலாளர் முதலாளி அல்ல, அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். இருந்தாலும் மற்றவர்களை வேலை வாங்குகிறார், ஆளை எடுக்கிறார், நீக்குகிறார். அவரை எந்தப் பக்கம் வைப்பது? எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், இப்படிப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்றார். மேலாளர்களின் தர்மசங்கடத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இன்னொரு கோணத்தில் பார்த்தார். சொத்தோ திறமையோ, சந்தைக்கு நாம் எதைக் கொண்டுபோகிறோமோ அது நமக்கு என்னென்ன வாய்ப்புகளைத் திறக்கிறது என்பதே அவருடைய கேள்வி. சமூக மதிப்பையும் அரசியல் பலத்தையும் அவர் பொருளாதார நிலையிலிருந்து தனியாகப் பிரித்தார். அதனால்தான், பணம் குறைவாக இருந்தும் மதிப்போடு வாழும் ஆசிரியரையும், பணம் குவிந்தும் சபையில் இடம் கிடைக்காத புதுப் பணக்காரரையும் அவருடைய கணக்கில் விளக்க முடிகிறது.

மூன்றாமவர் பியர் பூர்தியூ. பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர். பணம் மட்டுமே மூலதனம் அல்ல என்றார். யாரைத் தெரியும் என்பது சமூக மூலதனம். எப்படிப் பேசுகிறோம், எதை ரசிக்கிறோம், பெரிய மனிதர்கள் நடுவில் கூச்சமில்லாமல் உட்காரத் தெரியுமா என்பதெல்லாம் பண்பாட்டு மூலதனம். இவை வீட்டில், சிறு வயதில், பாடம் என்றே தெரியாமல் கற்றுக்கொள்பவை. அதனால் பின்னாளில் பார்க்கும்போது இயல்பான திறமை போலத் தோன்றும். மூவரில் இவருடைய பார்வைதான் வேலைச் சந்தையை விளக்க எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

வேலையில் வர்க்கம்

வேலை என்றதும் நாம் சம்பளத்தைத்தான் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வேலையில் வரும் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? மழை பெய்து கட்டட வேலை நின்றால் அன்றைய கூலி போச்சு. மாதச் சம்பளக்காரர்களின் கூட்டம் தள்ளிப்போனால் யாருடைய சம்பளமும் குறையாது. காய்ச்சல் வந்தால் ஒருவருக்கு விடுப்பு, இன்னொருவருக்கு வருமான இழப்பு. செயலி வழியாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவரின் நிலையைப் பாருங்கள். வண்டி அவருடையது, எரிபொருள் அவருடையது, பழுதுபார்க்கும் செலவு அவருடையது. ஆர்டர் வராத நேரமும் அவருடையதுதான். அந்தத் தொழிலின் லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது, நஷ்டத்தில் உண்டு.

பிரிட்டன் சமூகவியலாளர் ஜான் கோல்ட்தோர்ப் இதை வைத்தே வர்க்கங்களைப் பிரித்தார். எவ்வளவு வேலை செய்தார் என்று எண்ணியோ நேரம் பார்த்தோ எளிதாக அளக்க முடிந்தால், முதலாளி அந்த வேலைக்கு மட்டும் கூலி கொடுத்து அனுப்பிவிடலாம். அப்படி அளக்க முடியாத, நிறுவனத்தின் உள்விவரம் தெரிந்த, நம்பி விட வேண்டிய வேலையாக இருந்தால் ஆளைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளம், ஆண்டு உயர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அதற்காக வருபவை. பிரிட்டனின் அரசுப் புள்ளிவிவரங்களில் 2001 முதல் பயன்படும் வர்க்கப் பிரிவு இந்தச் சிந்தனையில் எழுந்தது. அதில் சம்பளத் தொகை அளவுகோலே அல்ல. வேலை ஒப்பந்தத்தின் தன்மைதான் அளவுகோல்.

இன்னொன்றும் இருக்கிறது: வேலை செய்யும் இடத்தில் நம் சொல்லுக்கு எவ்வளவு இடம் என்பது. இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 1967-ல் லண்டனில் ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களின் உடல்நலத்தைப் பதிவு செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவின் பெயரால் இதை வைட்ஹால் ஆய்வு என்பார்கள். அந்த ஊழியர்களில் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, அரசின் இலவச மருத்துவம். இருந்தும், உச்சத்தில் இருந்த அதிகாரிகளோடு ஒப்பிட்டால் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் பெரும்பகுதி இடைவெளி அப்படியே நின்றது. மேலும், மேலே ஒரு கூட்டம் கீழே ஒரு கூட்டம் என்று அது பிரிந்து நிற்கவில்லை. படிப்படியாக, ஒவ்வொரு நிலையில் இருந்தவர்களும் தங்களுக்கு மேல்படியில் இருந்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பெண்களையும் சேர்த்து 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னொரு துப்பைக் கொடுத்தது. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது.

சரி, நல்ல வேலைக்குள் நுழைவது எப்படி நடக்கிறது? படிப்பும் திறமையும் இருந்தால் போதும் என்று நம்ப எல்லோருக்கும் ஆசைதான். அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஷ் டில்சிக் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கல்லூரி, மதிப்பெண், அனுபவம் எல்லாம் ஒன்றே. பொழுதுபோக்கு போன்ற சிறு குறிப்புகள் மட்டும் வேறு. ஒரு வகை விண்ணப்பத்தில் பாய்மரப் படகோட்டம், போலோ, செவ்வியல் இசை. இன்னொரு வகையில் ஓட்டப்பந்தயம், கால்பந்து, கிராமிய இசை. மேல்தட்டு அடையாளம் இருந்த ஆண்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. எளிய குடும்பத்து அடையாளம் இருந்த ஆண்களுக்கு 1 சதவீதத்தை ஒட்டித்தான். இதில் ஒரு திருப்பம், மேல்தட்டு அடையாளம் பெண்களுக்கு உதவவே இல்லை. குடும்பம், குழந்தை என்று வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற சந்தேகம் அவர்கள் மேல் விழுந்தது. வர்க்கம் ஒருபோதும் தனியாக வேலை செய்வதில்லை. ஆண் பெண் வேறுபாடு, சாதி, இனம், நிறம் எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டுதான் வேலை செய்கிறது.

பழக்கவழக்கத் தொடர்புகளின் பங்கும் பெரிது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரை, வேலைத் தகவல் பெரும்பாலும் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவதில்லை, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது என்று காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், அதனால் அவர்களிடம் புதிய செய்தி குறைவு. இதை வர்க்கத்தோடு சேர்த்து யோசித்தால் ஒன்று புரியும். மருத்துவர், வழக்கறிஞர், வங்கி அதிகாரி என்று பல துறைகளில் அறிமுகம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே காலியிடம் தெரிந்துவிடுகிறது. இதில் யாரும் சதி செய்யவில்லை. விருந்தில் நடந்த சாதாரணப் பேச்சுதான் காரணம்.

நுழைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரிட்டன் நிலவரம் பற்றிச் சாம் ஃப்ரீட்மன், டேனியல் லாரிசன் என்ற இரு சமூகவியலாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மருத்துவம், சட்டம், நிதி, நிர்வாகம் போன்ற உயர் தொழில்களில் இருப்பவர்களிலேயே, உழைக்கும் வர்க்கக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் வசதியான குடும்பத்திலிருந்து வந்தவர்களைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். காரணங்களில் ஒன்று, தொழிலின் தொடக்கத்தில் சம்பளம் குறைந்த ஆனால் பெயர் தரும் வாய்ப்பை ஏற்க வசதியான குடும்பத்துப் பிள்ளைகளால் முடிகிறது. சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் இருக்க வேண்டுமென்றால், அந்த ஆறு மாதமும் யாரோ சாப்பாடு போட வேண்டுமே.

செல்வம்: இடைவெளி விரியும் இடம்

2021-ஆம் ஆண்டு நிலவரம் பற்றிய உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, உலக வருமானத்தில் மேல் 10 சதவீதத்தினரின் பங்கு 52 சதவீதம். கீழ்ப்பாதி மக்களின் பங்கு சுமார் 8. இதுவே பெரிய இடைவெளிதான். செல்வத்துக்குப் போனால் மேல் 10 சதவீதத்தினரிடம் 76 சதவீதம், கீழ்ப்பாதியிடம் வெறும் 2. இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912-ல் உருவாக்கிய குறியீட்டில், எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1. ஒரே நாட்டை எடுத்து வருமானத்துக்கும் செல்வத்துக்கும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டால், செல்வத்தின் எண்தான் ஏறக்குறைய எப்போதும் பெரிதாக இருக்கும்.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. செல்வம் தானாகவே வருமானம் ஈட்டுகிறது, அந்த வருமானத்தில் சாப்பாட்டுக்குப் போக வேண்டியது சிறு பகுதிதான், மீதி மறுபடி செல்வமாகிறது. ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் சொத்து சுமார் 10 ஆண்டில் இரட்டிப்பாகும், 30 ஆண்டில் ஏழரை மடங்காகும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். உட்கார்ந்து தின்பவரைவிட வேகமாக வளரும் குன்றுகளுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. சொத்திலிருந்து வரும் ஆதாயம் பொருளாதார வளர்ச்சியைவிட வேகமாக இருந்தால், பழைய சொத்தின் பிடி இறுகிக்கொண்டே போகும் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி வாதிட்டது இதைத்தான். அவர் சொன்ன வேகம் எல்லாக் காலத்துக்கும் பொருந்துமா என்பதில் பொருளியலாளர்களிடையே சண்டை தீரவில்லை. அடிப்படைக் கணக்கில் அவ்வளவாகச் சண்டை இல்லை.

கீழே இருப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. சொத்து உள்ளவர் அதை அடமானம் காட்டிக் குறைந்த வட்டியில் கடன் வாங்குகிறார். இல்லாதவருக்கு அதே தொகை மூன்று நான்கு மடங்கு வட்டியில்தான் கிடைக்கும். மொத்தமாக வாங்க முடியாததால் சில்லறையாக, அதிக விலையில் வாங்க வேண்டியிருக்கிறது. தவணை தவறினால் அபராதம். நெருக்கடி வந்தால் இருக்கிற சிறு நகையையோ நிலத்தையோ விலை விழுந்த நேரத்தில் விற்க வேண்டும். அதை அந்த விலைக்கு வாங்குபவர் கையில் காசு வைத்திருப்பவர். ஒவ்வொரு பொருளாதாரச் சரிவிலும் இந்தக் கைமாற்றம் நடக்கிறது.

வரியும் இதில் பங்கு வகிக்கிறது. பல நாடுகளில் சம்பளக்காரர்களின் வரி, பணம் கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்படுகிறது. சொத்தின் மதிப்பு கூடினால், பெரும்பாலும் விற்கும்வரை வரி இல்லை. விற்காமல் அதன் மேல் கடன் வாங்கிச் செலவு செய்பவருக்கு அந்த நாள் வராமலே போகலாம்.

சொத்தின் பெரிய வரம், தவறு செய்யும் சுதந்திரம் என்று நினைக்கிறேன். பரம்பரைச் சொத்தோ பெரிய அன்பளிப்போ கிடைத்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று டேவிட் பிளான்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998-ல் காட்டினார்கள். வெறுங்கை முழம் போடாது என்பது தெரிந்ததுதான். ஆனால் நாம் வெற்றிக் கதைகளைக் கேட்கும்போது துணிச்சலை மட்டும் பாராட்டுகிறோம். முதல் தொழில் மூழ்கியபோது யார் வீட்டில் தங்கினார், இரண்டாவது தொழிலுக்கு யார் பணம் போட்டார் என்று கேட்பதில்லை. கேட்டால் பாதிக் கதை மாறிவிடும்.

ஏணி எவ்வளவு நீளம்?

பிறந்த வர்க்கத்திலிருந்து வெளியேற முடியாதா? முடியும், பலர் வெளியேறுகிறார்கள். எவ்வளவு பேர், எவ்வளவு காலத்தில் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பணக்கார நாடுகள் உறுப்பினராக உள்ள பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) 2018-ல் ஒரு மதிப்பீடு செய்தது. வருமானத்தில் கடைசி 10 சதவீதத்தில் உள்ள ஒரு குடும்பத்தின் வாரிசுகள் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும்? டென்மார்க்கில் 2. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக 4 அல்லது 5. இந்தியாவிலும் சீனாவிலும் 7. கொலம்பியாவில் 11.

மேலே இருப்பவர்களின் பிடிமானத்துக்கு இன்னும் விசித்திரமான சான்று ஒன்று இத்தாலியில் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நகரின் 1427-ஆம் ஆண்டு வரிப் பதிவேடு அப்படியே கிடைத்திருக்கிறது. அதிலுள்ள குடும்பப் பெயர்களை 2011-ஆம் ஆண்டு வரித் தரவோடு இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். அன்று பணக்காரர்களாக இருந்தவர்களின் பெயரைத் தாங்கியவர்கள் இன்றும் சராசரியைவிட வசதியாக இருந்தார்கள். இடையில் முற்றுகைகள், அரச மாற்றங்கள், நெப்போலியன், இரண்டு உலகப் போர்கள் எல்லாம் வந்து போயின.

ஏணி எல்லாக் காலத்திலும் ஒரே நீளம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 30 வயதில், அதே வயதில் தங்கள் பெற்றோர் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-ல் பிறந்தவர்களில் அது பாதிதான். பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு செய்த இந்தக் கணக்கு, வீழ்ச்சிக்கு வளர்ச்சி மந்தமானதைவிட, வளர்ச்சியின் பலன் சமமாகப் பங்கிடப்படாததே பெரிய காரணம் என்கிறது. அந்தக் காலத்தில்தான் கொள்கைகளும் மாறின. 1950-களில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த அமெரிக்காவின் உச்ச வருமான வரி விகிதம் 1988-ல் 28-க்கு இறங்கிவிட்டது. தொழிற்சங்கங்களும் இந்த ஆண்டுகளில் மெலிந்தன.

அப்படியானால் நல்ல பள்ளி, பொது மருத்துவம், வேலையிழப்புக்கால உதவி, வலுவான சங்கம் எல்லாம் இருந்தால் வர்க்கம் கரைந்துவிடுமா? சுவீடன் இந்த இடத்தில் நல்ல பாடம். வருமான ஏற்றத்தாழ்வு உலகிலேயே குறைவாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. செல்வத்தின் ஏற்றத்தாழ்வோ அங்கே மிக அதிகம். பரம்பரைச் சொத்து வரியை 2004-லும், செல்வ வரியை 2007-லும் அது நீக்கிவிட்டது. அரசே தாங்கும் என்பதால் சாதாரணக் குடும்பங்கள் பெரிதாகச் சேர்த்துவைக்கத் தேவையில்லை, அதனால்தான் செல்வக் கணக்கு இப்படி மோசமாகத் தெரிகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. வேலை போன மாதத்தில் அரசின் உதவித்தொகையும் சொந்தச் சேமிப்பும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் உதவித்தொகையைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. ஒரு நிறுவனம் எங்கே ஆலை திறக்கும், எதை மூடும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்கார நாற்காலியும் அது வாங்கித் தராது.